ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு

தன் பெயரிலேயே உண்மை முழுவதையும் சொல்லிவிடுகிற அரசுத் துறை ஒன்று நம்மிடம் உண்டு. அது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. ஒரு கையால் விலக்கும், மறு கையால் தீர்வை வாங்கும். இரண்டு கைகளையும் கோத்துவைக்க நடுவில் ஒரு 'மற்றும்'. இத்தனை நேர்மையான பெயர்ப்பலகை வேறெந்த அலுவலகத்திலும் கிடையாது. அந்தத் துறையையும் அது கட்டிக்காக்கும் சட்டத்தையும் பாராட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பசியாவரத்துப் பையன் ஒருவன் அதற்கு வழி செய்து கொடுத்தான்.

பழவேற்காடு ஏரியில் என்னை அடிக்கடி ஏற்றிப்போகும் படகுக்காரரின் மருமகன் அவன். பெங்களூருவில், அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் ஒரு கடையின் சமையல்கட்டில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன். பாத்திரம் கழுவப் போனவன் முளைகட்டிய பார்லியை எத்தனை சூட்டில் ஊறவைப்பது, ஈஸ்ட் எப்போது போடுவது என்பதையெல்லாம் பார்த்தே கற்றுக்கொண்டு வந்துவிட்டான். ஊருக்கு வந்து 20 லிட்டர் வெள்ளை டிரம் ஒன்று வாங்கினான். பீர் புளிக்கும்போது சூடு ஏறக் கூடாது. அதற்கு அங்கே எந்திரம் வைத்திருந்தார்களாம். இவனுடைய எந்திரம் மாமாவின் மீன் பெட்டி. இறாலைச் சென்னைக்கு அனுப்புகிற அதே தெர்மாகோல் பெட்டி, அதே ஐஸ். டிரம் அதில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. இன்னும் ஒரு சொட்டுக்கூடக் காய்ச்சவில்லை.

"சார், நாமளே காய்ச்சி நாமளே விக்கறதுக்கு லைசென்ஸ் இன்னா செலவாவும்?" என்று கேட்டான்.

அவன்மேல் தப்பில்லை. ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை ஊரே கூடி முறைவைத்துக்கொள்ளும். காத்திருந்தால் அவரவர் முறை வரும். பீருக்கும் அப்படித்தான், வரிசையில் நின்றால் முறை வரும் என்று நினைத்துவிட்டான்.

சட்டத்தின் கருணையை அவனுக்கு விளக்கினேன். நம்முடையது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். அதன் 4-ஆம் பிரிவைப் படித்தால் ஒரு தாய் எழுதியதைப் போலவே இருக்கும். காய்ச்சாதே, விற்காதே, பாட்டிலில் அடைக்காதே, வைத்திருக்காதே, குடிக்காதே. காய்ச்சுவதற்கான பாத்திரம் பண்டத்தைக்கூட வைத்துக்கொள்ளாதே. மரத்தில் கள் இறக்கினால் இறக்கியவன் மட்டுமல்ல, இறக்க விட்ட மரத்துக்காரனும் குற்றவாளி. பெற்ற தாய்கூட இவ்வளவு யோசித்துப் பார்த்திருக்க மாட்டாள். பிறகு அதே தாய், பசிக்குமே என்று 1983-இல் பீர் ஆலைகளுக்குத் தனி விதிகள் செய்து கொடுத்தாள். உரிமம் வாங்கி ஆலை வைக்கலாம். ஆனால் ஆலைக்காரரும் குடிக்கிறவனுக்கு நேரே விற்க முடியாது. அரசின் டாஸ்மாக் வாங்கும், டாஸ்மாக் விற்கும். 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதனிடம்தான். டிரம்மும் ஐஸ் பெட்டியும் வைத்திருப்பவன் கோடிகளில் கடன் வாங்கி நொடித்துப்போகாமல் சட்டம் எவ்வளவு நாசூக்காகக் காப்பாற்றியிருக்கிறது பாருங்கள்.

இந்தச் சட்டத்தின் பூர்வீகம் இன்னும் அழகு. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளுக்கடை, சாராயக்கடை வருமானம் போயிற்று. அந்த ஓட்டையை அடைக்க 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். குடியை விட்டதற்காகச் சனங்கள் உப்பு புளிக்கடையில் கொடுத்த அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் குடி திரும்பி வந்தது; வரி போகவில்லை. 2024-25-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் பெரும்பங்கு ஆயத்தீர்வைகூட அல்ல, மதிப்புக் கூட்டு வரி. அதாவது ராஜாஜியின் விற்பனை வரியுடைய பேத்தி. மதுவுக்கு மாற்றாகப் பிறந்த வரி மதுவிடமே வந்து சேர்ந்து வம்சம் தழைக்கிறது. ஜிஎஸ்டி வந்து மாநிலங்களின் வரிகள் பலவற்றை வாரிக்கொண்டபோதும் குடிக்கிற மதுவைத் தொடவில்லை. இப்படியொரு குடும்ப விசுவாசத்தைப் புராணத்தில்தான் படித்திருக்கிறேன்.

பையன் விடவில்லை. "அப்போ பார்லி வாணாம் சார். பனை இருக்குதே?"

நல்ல கேள்வி. பார்லியை முளைகட்டி, காயவைத்து, நொறுக்கி, ஊறவைத்து, கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு இரண்டு வாரம் காத்திருந்தால்தான் பீர். பனைக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டால் காற்றிலிருக்கும் ஈஸ்ட்டே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இறக்கிவைத்து வெயில் ஏறுவதற்குள் நுரைகட்டும். ஆனால் 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பனையை மாநில மரம் என்று மரியாதை செய்திருக்கிறோம். மரியாதைக்குரியவர்களை வேலை வாங்கக் கூடாது என்பதுதான் காரணமாக இருக்கும்.

ஒரு காலத்தில் மரமேறிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பனை ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். கலயத்தின் உள்பக்கம் விரலால் தடவுவதைப் போலக் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

"சுண்ணாம்பு தடவினா வெல்லம். தடவலைன்னா ஜெயிலு."

இவ்வளவுதான் விஷயம். சுண்ணாம்பு புளிப்பை நிறுத்தும். தடவிய கலயத்தில் சொட்டுவது பதநீர். காய்ச்சினால் கருப்பட்டி, விற்றால் பாராட்டு. தடவாத கலயத்தில் சொட்டுவது கள், விற்றால் வழக்கு. அதே மரம், அதே பாளை, அதே ஆள். நடுவே ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு. சட்டக் கல்லூரியில் ஐந்து வருஷம் படிப்பதைப் பெரியவரின் விரல் அரை நொடியில் சொல்லிவிட்டது.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே கள் இறக்குவோருக்குக் கூட்டுறவுச் சங்கமும் உண்டு, உரிமமும் உண்டு. மடவை மீன் எல்லை பார்க்காமல் இரண்டு பக்கமும் மேய்கிறது. அதற்குச் சட்ட அறிவு போதாது. கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடை உண்டு. கோவாக்காரர்கள் தங்கள் நாட்டுச் சாராயமான பெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள். இப்படி மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் சோதனைக்கு நடுவே நாம் மட்டும் ஒழுக்கத்தோடு வரிசையில் நின்று, ரசீது கேட்காமல், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, ஆலைச் சரக்கையே வாங்கிக் குடிக்கிறோம்.

இந்தக் கட்டுப்பாட்டின் பலன் ஏரிச் சேற்றிலும் தெரிகிறது. இருளர் பெண்கள் முட்டியளவுத் தண்ணீரில் குனிந்து கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். அன்று ஒருத்தி கையை வெளியே எடுத்தபோது இறாலோடு பச்சைநிறப் பாட்டில் சில்லும் வந்தது. விரலில் வழிந்த ரத்தத்தை ஏரித் தண்ணீரிலேயே அலசிவிட்டு மறுபடி குனிந்தாள். பனை அவளுக்குக் கொடுத்தது பறி. ஆலை கொடுத்தது சில்லு. இரண்டில் எது முறையாக உரிமம் பெற்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

துறையின் விழிப்பைச் சொல்லாமல் விட்டால் பாவம். பனை உச்சியிலேயே கண்ணை நட்டு வைத்திருந்ததால் கீழே நடந்தது சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவர்கள் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். மறு வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். உடனே சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். செத்தவர்களில் ஒருவர்கூடக் கள் குடித்துச் சாகவில்லை என்பது தடையின் வெற்றிதானே?

பழவேற்காடு தொண்டை நாட்டு ஊர். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் ஆயுதங்கள் பளபளவென்று இருப்பதை ஔவை எவ்வளவு மனதாரப் புகழ்ந்தாளோ, அவ்வளவு மனதார நானும் இந்தச் சட்டத்தைப் புகழ்கிறேன். அவளுக்குக் கள் ஊற்றிக் கொடுத்த அதியமான் இன்று இருந்தால் 4-ஆம் பிரிவில் இருவருக்கும் இடம் உண்டு.

அமெரிக்காவை நினைத்தால்தான் பரிதாபம். 1978-இல் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 கேலன், அதாவது 750 லிட்டருக்கு மேல், பீர் காய்ச்சிக்கொள்ளலாம், வரி இல்லை, விற்கத்தான் கூடாது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் பழகியவர்கள் உரிமம் வாங்கித் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் வீட்டுப் பீருக்குச் சாமான் விற்றுக்கொண்டிருந்த கென் கிராஸ்மன், பழைய பால்பண்ணைப் பாத்திரங்களை ஒட்டுப்போட்டுத் தொடங்கியதுதான் இன்று பேர்பெற்ற சியரா நெவாடா ஆலை. நம் பையனுக்கு அந்த அவலம் நேராமல் தடுத்தாயிற்று.

போன மாதம் போனபோது டிரம் வாசலில் இருந்தது. மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே உப்பில் ஊறும் மடவை. ஐஸ் பெட்டி மாமாவிடமே திரும்பிவிட்டது. "கருவாடு போட்டு பாக்கெட்ல அடைச்சு, 'பசியாவரம்'னு பேர் ஒட்டி விக்கப் போறேன் சார். இதுக்கெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க இல்ல?"

உணவுப் பாதுகாப்புத் துறையைப் பற்றி அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.