செயலட்டை அக்கா

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவுக்குக் கிட்ட, போட்டோக்கொப்பி மெஷின் இருக்கிற கடை எதிலாவது பின்னேரம் நாலு மணிக்குப் போய் நின்று பாருங்கள். பாஸ் பேப்பர் எடுக்க வந்த பெடியன், அடையாள அட்டைக்குப் பிரதி எடுக்க வந்த ஐயா, காணி உறுதியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்த அம்மா, எல்லாரும் ஒரு பக்கமாகக் காத்திருப்பார்கள். மேசைக்கு முன்னால் போனை நீட்டியபடி செயலட்டை அக்கா நிற்பா.

"தம்பி, இதில 64 பக்கம் இருக்கு. முதல் எட்டும் வேண்டாம், அது அவையின்ர விளம்பரம். ஒன்பதில இருந்து நாப்பது மட்டும் கலர். கலர் எவ்வளவு?"

கடைத் தம்பி விலையைச் சொல்லுவான்.

"அப்ப எல்லாத்தையும் கறுப்பு வெள்ளையில எடுங்கோ."

வெளியே வருகிற தாளில் சாம்பல் நிற அப்பிள், சாம்பல் நிற வாழைப்பழம், சாம்பல் நிற இலை எல்லாம் வரிசையாக இருக்கும். மேலே தடித்த எழுத்தில் 'சிவப்பு நிறப் பொருளுக்கு வட்டமிடுக' என்று கட்டளை. அடுத்த நாள் முன்பள்ளியில் பிள்ளைகள் அதைக் குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தன் மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய வட்டமாகப் போட்டுவிட்டு ஊஞ்சலுக்கு ஓடிவிடுவான். என்னைக் கேட்டால், முன்னுக்கு வரப்போகிறவன் அவன்தான்.

அக்காவுக்கு வயது இருபத்தாறு. என் மகளைவிட இளையவ. ஆனாலும் ஊருக்கே அக்கா. காலையில் முன்பள்ளி ரீச்சர், மத்தியானத்துக்குப் பிறகு நாலரை வயது மகனுக்கு அம்மா, இரவில் வாட்ஸ்அப் குழுக்களில் செயலட்டை சேகரிப்பாளர். விசுவமடுவில் வைத்துச் சொல்கிறேனே தவிர, முழங்காவிலிலும் மாங்குளத்திலும் வவுனியா நெளுக்குளத்திலும் இவவுக்கு உடன்பிறப்புகள் உண்டு. குடை மாறும், ஸ்கூட்டி மாறும். இடுப்போடு அணைத்திருக்கிற அந்தத் தடித்த பைல் மாறாது.

அந்த பைலை ஒருநாள் பார்க்கக் கொடுத்து வைத்தது. உயிரெழுத்து, எண், வடிவம், 'வெட்டி ஒட்டுவோம்', 'புள்ளியை இணைப்போம்', 'வேறுபாட்டைக் கண்டுபிடிப்போம்' என்று நிறத் தாளில் பிரிவு வெட்டி ஒட்டியிருந்தா. கடைசிப் பிரிவுக்குப் பெயர் 'பிறகு'. தடிப்பில் பாதி அதுதான். பிள்ளை வளர்ந்து ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதும்போது உதவும் என்று இப்போதே சேர்த்து வைத்திருக்கிறா. பிள்ளைக்கு இன்னும் செருப்பு இடம்வலம் மாறித்தான் போகிறது.

தாள்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும், லண்டனில் இருக்கிற சித்தி அனுப்புவா, அமெரிக்காவில் யாரோ ஒரு தாய் தன் பிள்ளைக்காகச் செய்து இலவசமாகப் போட்டது விசுவமடுவில் வந்து இறங்கும். ஆகவே இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிற ஓகஸ்ட் மாதத்தில், கச்சான் காற்றுப் புழுதிக்குள், எங்கள் பிள்ளைகள் பனிமனிதனுக்கு நிறம் தீட்டுவார்கள். அக்காவின் மகன் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த வெருளிக்கு ஏன் கரட் மூக்கு?" என்று கேட்டான். தோட்டத்தில் நிற்கிற வெருளிக்கும் தாளில் நிற்கிறவருக்கும் தொப்பி, கைத்தடி எல்லாம் ஒன்றுதான். அவன் கேட்டதில் என்ன பிழை? நான்கு பருவ காலங்களை வரிசைப்படுத்தச் சொன்ன தாளில் வசந்தம், கோடை, இலையுதிர், பனி எல்லாம் இருந்தன, வெள்ளத்தைக் காணவில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்துவிட, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததைக் கண்டவர்கள் பெரிய ஆட்கள். அவர்களும் அந்தத் தாளில் தங்கள் மாரியைத் தேடத்தான் செய்வார்கள்.

ஒட்டுசுட்டான் பக்கத்து முன்பள்ளி ஒன்றுக்கும் அக்கா பிரதி கொடுத்திருந்தா. 'வீட்டுக்கு வரும் விலங்குகளுக்கு வட்டமிடுக'. பசு, ஆடு, பூனை, யானை. நாலில் மூன்று சரி என்பதுதான் அமெரிக்கத் தாயின் கணக்கு. அங்கே ஒரு சிறுமி முதலில் வட்டமிட்டது யானைக்கு. முதல்நாள் இரவு வந்து ஏழு தென்னம்பிள்ளையைத் தின்றுவிட்டுப் போனது அது. அதற்கு எப்படிப் பிழை போடுவது என்று தெரியாமல் அந்த ரீச்சர் அக்காவுக்கு இரவிரவாகக் குரற்பதிவு அனுப்பினா.

இன்னொன்று முயலும் கரட்டும். வளைந்து வளைந்து போகிற பாதைச் சிக்கலுக்குள்ளால் முயலைக் கரட்டிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மகன் பென்சிலை வைத்தான், எல்லாச் சுவரையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரே இழுவையில் கரட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

"ஏன்டா வேலியைப் பிரிச்சுப் போறாய்?"

"முயலுக்குப் பொட்டுத் தெரியும்தானேம்மா."

வேலியில் பொட்டு வைத்து அடுத்த வளவுக்குப் போய்வருகிற பிள்ளைக்குச் சுற்றுப் பாதை எதற்கு? அக்கா அந்தத் தாளில் 'மீண்டும் முயற்சி செய்க' என்று எழுதினா. நானாயிருந்தால் நட்சத்திரம் ஒட்டியிருப்பேன்.

லண்டன் சித்தியின் தாள் பட்ட பாடு தனிக் கதை. சித்தி பழைய ஆள். பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்புவா. கடைத் தம்பி அந்த வாரம்தான் புதுக் கணினி வாங்கி, பாமினியைப் போட மறந்திருந்தான். அம்மா படத்துக்குக் கீழே 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. பார்ப்பதற்குள் இருபது பிரதியும் வெளியே வந்துவிட்டது. அக்கா ஒரு கணம் யோசித்தா. "பறவாயில்லை தம்பி, இங்கிலிஷ் பயிற்சிக்கு வைப்பம்."

சிரிக்கலாம். ஆனால் அக்கா மட்டும் குற்றவாளி இல்லை. இந்த நாட்டில் 1980 முதல் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் இலவசம். அது தரம் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய முன்பள்ளிகளை ஊர்ச் சங்கமும் கோயிலும் தேவாலயமும் தொண்டு நிறுவனமும் ஆளுக்கொன்றாக நடத்துகின்றன. ரீச்சருக்குக் கிடைப்பதற்குச் சம்பளம் என்று பெயர்கூட இல்லை, கொடுப்பனவு. பெற்றோரோ மத்தியானம் படலையில் வைத்தே பிள்ளையை மறிப்பார்கள்: "இண்டைக்கு என்ன படிச்சனி?" மண்ணில் வீடு கட்டினேன், தண்ணீர் ஊற்றினேன், அது இடிந்தது, திரும்பக் கட்டினேன் என்று பிள்ளை உண்மையைச் சொன்னால், அடுத்த கூட்டத்தில் ரீச்சருக்கு வில்லங்கம். பைக்குள் ஒரு தாள் இருந்தால் வில்லங்கமில்லை. மண்வீட்டைப் பையில் போட்டு அனுப்ப முடியாது. செயலட்டையை அனுப்பலாம், மேலே திகதியும் போடலாம். செயலட்டை என்பது பெற்றோருக்குக் கொடுக்கிற பற்றுச்சீட்டு. பிள்ளை அதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, தாளைப் பிரட்டிப் பின்பக்கத்தில்தான் தன் சொந்த வேலையைத் தொடங்கும். அந்தப் பின்பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். உழவு இயந்திரம், அதன் மேல் அப்பா, அப்பாவின் மேல் காகம்.

ஊரில் பாதி முன்பள்ளிகளின் பலகையில் 'மொன்ரிசூரி' என்றுதான் எழுதியிருக்கும். அந்தப் பெயருக்குரிய அம்மையார் 1944 இல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தவர். பென்சில் பிடிக்க முன்னம் பிள்ளை எழுத்தை விரலால் தடவி அறியட்டும் என்று சொரசொரப்பான தாளில் எழுத்து வெட்டி ஒட்டிக் கொடுத்தவர். எங்களுக்கு அது புதினமில்லை. விசயதசமிக்கு ஏடு தொடக்கும்போது ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் 'அ' எழுதுவிப்பதை எல்லாரும் கண்டிருக்கிறோம். அக்காவும் போன முறை கோயிலில் அதைக் கண்டா, மனமுருகிப் படமெடுத்தா. அடுத்த வாரம் செயலட்டை வந்தது: ஒரு தட்டு, தட்டில் அரிசி, அரிசியின் நடுவே புள்ளிக் கோட்டில் 'அ'. பென்சிலால் இணைக்க வேண்டும்.

இந்தச் செயலட்டை வருத்தம் எங்கே தொற்றியது என்று ஒருநாள் கேட்டேன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்களே, அப்போதாம். சூம் வகுப்பு நடத்தச் சொன்னது கொழும்பு. முத்தையன்கட்டுப் பக்கத்தில் சிக்னல் எடுக்க மரத்தில் ஏறவேண்டும். நாலு வயதுப் பிள்ளையை மரத்தில் ஏற்றலாமா? அக்கா அப்போதுதான் தொண்டர் ரீச்சராகச் சேர்ந்திருந்தா. சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் படலையில் தாளைச் செருகிவிட்டு வருவா, அடுத்த கிழமை போய் முடித்த தாளை வாங்குவா. முடித்த தாள்களில் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு வீட்டில் இளைப்பாறிய தபால்காரத் தாத்தாதான் பேரனுடைய புள்ளிக் கோடு எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்திருக்கிறார். பேரன் வெளியே பட்டம் விட்டுக்கொண்டிருந்தான். அக்கா தாத்தாவுக்கு 'மிக நன்று' போட்டா.

பிறகு 2022. மேல் மாகாணத்தில் காகிதம் இல்லையென்று தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்த மார்ச் மாதம். மாத முடிவில் மின்சாரமும் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இல்லை. அக்கா அசரவில்லை. நாலு செயலட்டையைச் சுருக்கி ஒரே தாளில் எடுத்தா. 'யானைகளை எண்ணி எழுதுக' என்றால், பிள்ளைகள் "எறும்பு, ரீச்சர்" என்று திருத்தினார்கள். லமினேற் பண்ணி வைத்திருந்த அட்டைகளை அந்த நாட்களில் அக்காவின் தாய், மகனுக்கு அம்மம்மா, விசிறியாகப் பாவித்தா. உயிரெழுத்து அட்டையில் நல்ல காற்று வந்ததாம்.

ஆனால் அம்மம்மா சொல்லுகிற காரணம் வேறு. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடை நேரம், யாழ்ப்பாணத்துப் பேப்பர்காரரே கோடு போட்ட கொப்பித் தாளில் செய்தி அச்சடித்தவை. தாள் என்றால் அப்படி ஒரு மதிப்பு. அது அம்மம்மாவின் காலம். மகளுடைய காலம் அதைவிடக் கடும். அக்கா 10 வயதில் புலமைப்பரிசில் எழுதியது முகாமுக்குள். 2009 மேயில் போர் முடிய, வவுனியாப் பக்கத்து முகாம்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் சனம். ஓகஸ்டில் அங்கேயே புலமைப்பரிசிலும் உயர்தரப் பரீட்சையும் நடந்தன. மெனிக் பாம் முகாமில் இவர்களுடைய வரிசைக் கூடாரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு மாதிரி வினாத்தாள். பென்சில் படக்கூடாது. விடையை வாயால் சொல்லிவிட்டு, ஓரம் கசங்காமல் அடுத்த கூடாரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

"அதுக்குத்தான் மாமா, ஆளுக்கொரு தாள்," என்றா அக்கா, வேறு ஏதோ தேடிக்கொண்டே. பிறகு போனைக் காட்டி, "இந்தப் பீடீஎஃப்ல பதின்மூண்டாம் பக்கம் மட்டும் திறக்குதில்லை, ஏன் எண்டு பாருங்கோவன்" என்றா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். திறக்கவில்லை.

புருஷன்காரன் பாவம், வயல்காரன். உரக்கடைக் கடன், நெல் மூட்டைக் கணக்கு எல்லாம் செயலட்டையின் பின்பக்கங்களில்தான் எழுதி வைத்திருக்கிறான். போன போகம் கடைக்காரனிடம் கணக்குக் காட்டப் போனபோது தாளை மாறி நீட்டிவிட்டான். கடைக்காரன் வாங்கிப் பார்த்து, "வாத்துக் குஞ்சு ஏழு இல்லையண்ணை, எட்டு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தானாம்.

இந்த முறை வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு எங்கள் ஒழுங்கையே ஒரு வான் பிடித்துப் போனோம். வைகாசி வெக்கை, சனம் நெரி நெரி என்று நெரிந்தது. கும்பிட்டு முடித்து வந்தால் கச்சான் வாங்காமல் திரும்ப முடியாது. அக்காவும் ஒரு சரை வாங்கினா. இரண்டு கச்சானை உடைத்து வாயில் போட்டவ, திடீரென்று சரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தா. மிச்சக் கச்சானை அப்படியே என் கையில் கொட்டினா. சரையைப் பிரித்து, முழங்காலில் வைத்து நீவினா. எண்ணெய் பட்ட தாளில் ஒரு மயில், ஒன்றிலிருந்து முப்பது வரை புள்ளிகள், மூலையில் பக்க எண் 12.

"அம்மா, இதின்ர மற்றப் பக்கங்கள் இருக்கோ?"

கச்சான்காரம்மா கடகத்துக்குள் சுருட்டிச் செருகி வைத்திருந்த சரைகளை ஒருதரம் பார்த்தா, அக்காவையும் பார்த்தா.

"ஒரு சரை நூறு ரூபா, பிள்ளை. எத்தினையாம் பக்கம் வேணும்?"

வான் விசுவமடு வந்து சேரும்வரை எல்லாரும் கச்சான் தின்றோம். சாரதிக்கு வயிற்றைக் குழப்பிவிட்டது. பதின்மூன்றாம் பக்கம் மட்டும் கிடைக்கவில்லை.