தண்டாலுக்குச் சந்தா இல்லை

கேள்வி: ஜிம்முக்குப் போகாமல், வீட்டிலேயே உடம்பை முறுக்கேற்ற முடியுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தாராளமாக! தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று நம் தாத்தாக்கள் சந்தா கட்டாமல் கட்டிய உடம்புதானே. தசை கேட்பது ஏசி அறையை அல்ல, போகப்போகக் கூடும் சுமையை. 20 தண்டால் சுலபமாகிவிட்டதா? காலைத் திண்ணைமேல் வைத்து எடுங்கள். அதுவும் சுலபமானால் முதுகில் பேரனை ஏற்றிக்கொள்ளலாம் (அவன் சம்மதித்தால்).

சாப்பாட்டில்தான் சிக்கல். தசை வளர்க்க, உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 1.6 கிராம் வரை புரதம் சொல்கிறார்கள். 60 கிலோ ஆசாமிக்கு 96 கிராம். ஒரு முட்டையில் இருப்பதோ சுமார் 6 கிராம். சாம்பாரில் பருப்பைத் தேடும் வீடு என்றால் சுண்டல், பயறு, தயிர், மீன் என்று ஆள் சேர்க்க வேண்டியதுதான். பலன் உடனே தெரியாது; இரண்டு மாதத்துக்குக் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிடுங்கள்.