காகிதப் பூவின் பதவிக்காலம்

காகிதப் பூ எனப்படுவது, கிரேப் தாள், அதாவது நுண்சுருக்கங்கள் விழும்படி செய்யப்பட்டு இழுத்தால் விரியும் வண்ணத்தாள், ஈர்க்குச்சி, நூல், மைதாப் பசை ஆகியவற்றின் சேர்க்கையால் கூடத்துத் தரையில் தோன்றி, கண்ணாடி அலமாரியில் நிலைபெறும் பொருளாகும். ஈர்க்குச்சி பெரும்பாலும் விளக்குமாற்றிலிருந்தே உருவப்படுவதால், ஒரு வீட்டில் பூ பெருகப் பெருகப் பெருக்கும் வேலை குன்றும் என்னும் விதி இதிலிருந்து பெறப்படுகிறது.

செய்முறையில் நுட்பமானது இதழ் வெட்டுதலே. சுருக்கங்கள் இதழின் அடியிலிருந்து நுனி நோக்கி ஓடுமாறு வெட்டி, இரு கட்டைவிரல்களாலும் நடுப்பகுதியைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்தால், அவ்விடம் மட்டும் விரிந்து இதழ் குழியும். குறுக்கே ஓடுமாறு வெட்டிவிட்டாலோ தாள் பக்கவாட்டில் இணங்காது, மீறி இழுத்தால் கிழியும். பின்னர் விளிம்பைப் பென்சிலில் சுருட்டி, சிற்றிதழ்களை உள்ளும் பேரிதழ்களை வெளியுமாக, ஒன்றன் இடைவெளியை மற்றொன்று மறைக்கும்படி நூலால் கட்டுவர். பசை காய்ச்சும்போது மயில்துத்தம் சிறிது சேர்ப்பது புத்தகம் கட்டுவோர் மரபு. அதை விட்ட வீடுகளில் வண்டு செய்ய வேண்டிய பணியைக் கரப்பான்பூச்சி இரவில் வந்து செய்கிறது.

இப்பூ வாடாது என்பதே இதன் பெருமையாகப் பேசப்படுகிறது. உண்மையில் குற்றமும் அதுவே. சுவாமிக்குச் சாத்திய மலர் களையப்பட்டபின் நிர்மாலியம் எனப் பெயர் பெற்று, போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது. தலையில் சூடிய மல்லிகையோ மறுநாட் காலையில் தானே ஓய்வு பெறுகிறது. காகிதப் பூவுக்கு அத்தகைய கெடு எதுவும் இல்லை. நவராத்திரிக் கொலுவுக்கெனச் செய்யப்பட்டது தைப் பொங்கலையும் கடந்து, தூசி படிந்து, சிவப்பு வெளிறிக் காவியாகித் துறவு பூண்ட பின்னும் பதவியில் நீடிக்கிறது. கழுவவும் இயலாது, கிரேப் தாளின் சாயம் நீர் பட்டால் ஒழுகும், சுருக்கமும் தளர்ந்துவிடும்.

இச்சிக்கலுக்கான தீர்வைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது ஏறத்தாழ கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையை, அதாவது பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒருவரைத் தெரிந்தெடுக்கும் முறையை விவரிக்கின்றன. அவற்றின்படி வாரியம் எனப்படும் குழுவில் அமர்ந்தோர் 360 நாள் பணியாற்றி விலக வேண்டும். அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. அக்குழுக்களுள் தோட்ட வாரியமும் ஒன்று என்பதால், பூக்களை இவ்விதிக்குள் கொண்டுவருவதில் சட்டச் சிக்கல் எழ நியாயமில்லை. ஒரு கொலுவில் அமர்ந்த பூ அடுத்த கொலுவுக்கு முன் இறங்க வேண்டும் என்பது இதன் பொருள்.

எனினும் நடைமுறையில் ஓர் இடர் உண்டு. கணக்குக் காட்டாத வாரியத்தார் மட்டுமன்றி, அவர்தம் சிற்றன்னை, பேரன்னை, அத்தை ஆகியோரின் மக்களும் தகுதியிழப்பர் என்கிறது அக்கல்வெட்டு. இப்பிரிவையும் சேர்த்து அமல்படுத்தினால், காகிதப் பூவின் நெருங்கிய உறவினராகிய ஐஸ் குச்சி வீடு, முட்டையோட்டுக் கோமாளி, மணி கோத்த வாத்து ஆகிய அனைத்தும் ஒரே நாளில் வெளியேற நேரும். அலமாரியில் எஞ்சுவது, பள்ளி ஆண்டுவிழாவில் கலந்துகொண்டமைக்காக வழங்கப்பட்ட எவர்சில்வர் டப்பா மட்டுமே.