கப்பலில் எது வரட்டும்?

கே: பழைய லாரி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இழுக்க மறுக்கிறது. பிரித்துக் கட்டுவதா, வேறு பெட்டி மாற்றுவதா?
– வாசகர், குட்வில் எஸ்டேட், அந்தமான்

ப: ஸ்பேனருக்கு முன்னால் மூக்குக்கு வேலை கொடுங்கள். டிப்ஸ்டிக்கில் கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கும். புது ஆயில் ஊற்றி எழுப்ப முடியாது. ஆயில் சுத்தமாக இருந்தால் ஒயரிங் கனெக்டர்களைப் பாருங்கள். உங்கள் கடற்காற்றில் அவை பச்சை பூத்தாலும் கியர் விழாது.

உறை உடையவில்லை என்றால் பிரித்துக் கட்டுவதுதான் என் கட்சி. கனரக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்யும் அலிசன் நிறுவனத்துக்குச் சென்னையை அடுத்த ஒரகடத்திலேயே தொழிற்சாலை இருக்கிறது. ஆனாலும் முழுப் பெட்டியைவிட தட்டுகளும் சீல்களும் கடல் தாண்டுவது சுலபம்.

எதைச் செய்தாலும் ஆயில் கூலரைக் கழுவுங்கள். பழைய தட்டுகளின் தூள் அதற்குள்தான் தங்கியிருக்கும். கழுவாமல் மாட்டுவது பழைய கடனோடு புதுக் குடித்தனம் தொடங்குவது போல.

பெட்டியை ஏற்றும்போது டார்க் கன்வர்ட்டர் பம்புக்குள் முழுசாக உட்கார வேண்டும். எஞ்சினும் பெட்டியும் கைத்தள்ளலிலேயே ஒட்டி நிற்கவேண்டும். போல்ட் முறுக்கினால்தான் சேர்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள், உடையப்போவது பம்ப்.