ஐந்து பேர் போனார்கள், மூன்று பதக்கம் வந்தது!

ஒலிம்பிக் என்றாலே அமெரிக்காவா, சீனாவா என்றுதான் வழக்கமாகக் கடிதம் வரும். இந்த வாரத் தபாலில் பதக்கப் பட்டியலின் அடிவாரத்தைக் கிளறியிருக்கிறார்கள் வாசகர்கள். சந்தோஷம்.

கே: கோடைக்கால ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியதிலேயே ரொம்பக் குட்டி நாடு எது? (திண்டுக்கல் வாசகர்)

ப: சான் மரீனோ. நாலாபுறமும் இத்தாலி, நடுவில் சுமார் 34,000 பேர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் காலடி வைத்தார்கள். அதற்குப் பிறகு 61 வருடம் வெறுங்கை. 2021-ல் டோக்கியோவுக்குப் போனது ஐந்தே பேர். துப்பாக்கி சுடுதலில் அலெஸ்ஸாண்ட்ரா பெரில்லிக்கு வெண்கலம். இரண்டு நாள் கழித்து, ஜியான் மார்கோ பெர்ட்டியோடு சேர்ந்து கலப்புப் பிரிவில் வெள்ளி. மல்யுத்தத்தில் மைல்ஸ் அமீனுக்கு இன்னொரு வெண்கலம். இதே பெரில்லி, 2012 லண்டனில் மூன்று பேர் சமநிலையில் நின்று மறுபடி சுட்டபோது தோற்று, நாலாம் இடத்தோடு ஊர் திரும்பியவர். ஒன்பது வருடம் கழித்து வட்டியோடு வசூலித்துவிட்டார்.

கே: பதக்கம் சரி... தங்கம்? (அதே வாசகர், அதே கார்டில்)

ப: பெர்முடா. சுமார் 64,000 பேர். பிரிட்டனின் ஆளுகையில் இருக்கும் தீவுதான் என்றாலும் ஒலிம்பிக்கில் தனிக் கொடி உண்டு. டோக்கியோவுக்கு அனுப்பியது இரண்டு பேரை. அதில் ஃபிளோரா டஃபி 1,500 மீட்டர் நீந்தி, 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 10 கிலோமீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். போனவர்களில் பாதிப் பேருக்குத் தங்கம்! வல்லரசுகள் இந்தச் சதவீதத்தைக் கனவிலும் பார்த்ததில்லை.

கே: கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இதுதானே? (சங்கரன்கோவில் வாசகி)

ப: நான் எழுதலாம் என்று வைத்திருந்ததை நீங்கள் எழுதிவிட்டீர்கள். இனி இந்தப் பகுதியில் அந்தப் பழமொழிக்கு இடமில்லை.

கே: செயின்ட் லூசியா என்றால் எனக்குக் கிரிக்கெட் வீரர் டேரன் சமியைத்தான் தெரியும். ஓட்டத்திலும் ஆள் இருக்கிறார்களாமே? (சேலம் வாசகர்)

ப: இருக்கிறார், எல்லோரையும் முந்தியவர்! 2024 ஆகஸ்ட் 3, பாரிஸ். மழையில் நனைந்த தடம். பெண்கள் 100 மீட்டரில் ஜூலியன் ஆல்ஃபிரட் 10.72 விநாடியில் கோட்டைத் தாண்டினார். எல்லோரும் எதிர்பார்த்த அமெரிக்காவின் ஷாகேரி ரிச்சர்ட்ஸனுக்கு 10.87, வெள்ளி. செயின்ட் லூசியாவுக்கு அதற்கு முன் ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கமும் கிடையாது. முதல் பதக்கமே தங்கம், அதுவும் 100 மீட்டரில். அடுத்து 200 மீட்டரில் வெள்ளியும் எடுத்தார்.

சுவாரஸ்யம் இதோடு முடியவில்லை. அதே நாள், அதே மைதானத்தில், டொமினிக்காவின் தியா லாஃபாண்ட் மும்முறை தாண்டுதலில் 15.02 மீட்டர் தாண்டினார். சுமார் 70,000 பேர் கொண்ட அந்த நாட்டுக்கும் அதுதான் முதல் பதக்கம், அதுவும் தங்கம். வரைபடத்தில் இந்த இரண்டு தீவுகளுக்கும் நடுவே பிரான்ஸுக்குச் சொந்தமான மார்ட்டினிக் உட்கார்ந்திருக்கிறது. போட்டியை நடத்தியதும் பிரான்ஸ்தான். இரண்டு பக்கத்து வீட்டிலும் ஒரே நாளில் விசேஷம்.

கே: அவ்வளவு சின்னத் தீவில் பயிற்சிக்கு எங்கே போவார்கள்? (ஈரோடு கல்லூரி மாணவி)

ப: வெளியே போவார்கள். அதுதான் பதில். ஜூலியன் 14 வயதில் வீட்டைவிட்டு ஜமைக்காவுக்குப் போய்ப் படித்தார். பிறகு அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகம். தியா சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். சின்ன நாட்டின் வெற்றிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ஸ்காலர்ஷிப்பும் ஒரு விமான டிக்கெட்டும் இருக்கும். ‘மண்ணின் மகிமை’ என்று மட்டும் பேசி நிறுத்திக்கொள்பவர்கள் பாதிக் கதையைச் சொல்கிறார்கள்.

கே: தகுதி நேரத்தைத் தொடாதவர்கள் எல்லாம் ஒலிம்பிக்கில் ஓடுகிறார்களே, சிபாரிசா? (வேலூர் வாசகர்)

ப: விதி. தகுதி பெற்ற ஆள் ஒருவரும் இல்லாத நாடு, தடகளத்தில் தன் சிறந்த வீரர் ஒருவரை அனுப்பலாம். நீச்சலிலும் இப்படி இடம் உண்டு. ஆனால் 100 மீட்டரில் அவர்கள் நேராக நட்சத்திரங்களோடு நிற்பதில்லை. காலையில் தனியாக ஒரு பூர்வாங்கச் சுற்று. அதில் ஜெயித்தால்தான் முதல் சுற்று. அதாவது வாசல்வரைதான் அழைப்பிதழ். பந்தியில் இடம் பிடிப்பது அவரவர் கால் சாமர்த்தியம்.

கே: ஒரு நீச்சல் வீரர் தனியாக நீந்தி ஜெயித்தாராமே, உண்மையா? (கும்பகோணம் வாசகர்)

ப: உண்மை. ஈக்வடோரியல் கினியின் எரிக் மூஸம்பானி, சிட்னி, 2000. ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அந்தச் சுற்றில் மூன்றே பேர். மற்ற இருவரும் தொடக்கச் சமிக்ஞைக்கு முன்பே குதித்துத் தகுதி இழந்தார்கள். மிச்சமிருந்தவர், சில மாதங்களுக்கு முன்புதான் நீச்சல் பழக ஆரம்பித்தவர். உள்ளூரில் அவர் பழகியது ஒரு ஓட்டலின் சின்னக் குளத்தில். 50 மீட்டர் குளத்தை அவர் நேரில் பார்த்ததே சிட்னியில்தான்.

போகும்போது ஒழுங்காகத்தான் போனார். திரும்பும்போது கை கனத்தது, கால் இறங்கியது, கடைசிப் பதினைந்து மீட்டரில் நீந்துகிறாரா, மூழ்குகிறாரா என்றே தெரியவில்லை. அரங்கமே எழுந்து நின்று கத்தியது. கத்தலைப் பிடித்துக்கொண்டு கரையேறினார். நேரம் 1 நிமிடம் 52.72 விநாடி. அதே ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் தங்கம் வாங்கியவருக்கே அவ்வளவு நேரம் ஆகவில்லை!

சிரித்தவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்: நாலு வருடத்தில் தன் நேரத்தை 57 விநாடிக்குக் கீழே கொண்டுவந்தார். அந்த முறை விசாக் குளறுபடியால் ஏதென்ஸ் போகவே முடியவில்லை. 2012-ல் தன் நாட்டு நீச்சல் அணிக்கே பயிற்சியாளர் ஆனார்.

கே: கடைசியாக வருபவருக்குக் கைதட்டுவது ஒருவகைப் பரிதாபம்தானே? (நாகர்கோவில் வாசகர்)

ப: பாரிஸ் மாரத்தானில் பூட்டானின் கின்ஸாங் லாமோ கடைசியாக வந்தார். 3 மணி 52 நிமிடம் 59 விநாடி. தங்கம் வாங்கிய சிஃபான் ஹாசன் ஒன்றரை மணி நேரம் முன்பே முடித்துவிட்டார். கூட்டம் கலையாமல் நின்றது; சிலர் ஓரமாகக் கூடவே ஓடினார்கள். இந்த லாமோ யார் என்றால், இமயமலையில் 203 கிலோமீட்டர் நடக்கும் ‘ஸ்னோமேன்’ ஓட்டத்தில் 2022-ல் பெண்களில் இரண்டாவதாக வந்தவர். அவரைப் பார்த்துப் பரிதாபப்படும் தகுதி, லிஃப்ட் வேலை செய்யாத நாளில் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கும் நமக்கு இருக்கிறதா?

கே: பூட்டானின் தேசிய விளையாட்டே வில்வித்தை. பிறகு ஏன் பதக்கம் இல்லை? (காரைக்குடி வாசகர்)

ப: அவர்கள் ஊர் மரபில் இலக்கு சுமார் 145 மீட்டர் தள்ளி இருக்கும். பக்கத்திலேயே ஆட்டம், பாட்டு, எதிரணியின் கேலி எல்லாம் உண்டு. ஒலிம்பிக்கில் 70 மீட்டர், நிசப்தம். தூரம் பாதியானதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். வில் வேறு, விதி வேறு, விளையாட்டே வேறு. 1984 முதல் 2008 வரை பூட்டான் வில்லாளிகளை மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தது. பிடிவாதம் என்றால் அது!

கே: ஃபிஜி அணி ரூபாய் நோட்டிலேயே ஏறிவிட்டதாமே? (மதுரை வாசகர்)

ப: ரூபாய் அல்ல, டாலர். ஏழு டாலர் நோட்டு! எழுவர் ரக்பியில் வாங்கிய தங்கத்துக்காக 2017-ல் அச்சடித்தார்கள். 2016 ரியோ இறுதி ஆட்டத்தில் எதிரணி பிரிட்டன். 1874 முதல் 1970 வரை ஃபிஜியை ஆண்ட அதே பிரிட்டன். ஸ்கோர் 43-7. பழிவாங்கிய கொக்கரிப்பா? இல்லை. பதக்கம் அணிவித்தவர் பிரிட்டிஷ் இளவரசி ஆன். ஃபிஜி வீரர்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு வாங்கிக்கொண்டார்கள். பயிற்சியாளர் பென் ரயன்கூட ஆங்கிலேயர்தான். மைதானத்தில் ஈவு இரக்கம் கிடையாது, மேடையில் மரியாதை குறையாது.

கொரோனா காலத்தில் டோக்கியோ போக வழக்கமான விமானம் இல்லை. உறைந்த மீன் ஏற்றும் சரக்கு விமானத்தில் போனார்கள். மீனோடு போனவர்கள் நியூசிலாந்தை 27-12 என்று தோற்கடித்து மறுபடியும் தங்கத்தோடு வந்தார்கள். 2024 பாரிஸில் பிரான்ஸிடம் தோற்று வெள்ளி.

கே: நம் தமிழ் எழுத்து இருக்கும் மொரீஷியஸ் ரூபாய் நோட்டிலும் வீரர்கள் உண்டா? (பாண்டிச்சேரி வாசகி)

ப: அதற்குத் தங்கம் வேண்டாமா? மொரீஷியஸ் இதுவரை வாங்கிய ஒரே ஒலிம்பிக் பதக்கம், 2008 பெய்ஜிங்கில் குத்துச்சண்டை வீரர் புரூனோ ஜூலியின் வெண்கலம்.

கே: விளையாட்டு வீரர் நாட்டுக்கே தலைவரான கதை உண்டா? (தூத்துக்குடி வாசகர்)

ப: நவூரு. 21 சதுர கிலோமீட்டர் தீவு. பளுதூக்கும் மார்கஸ் ஸ்டீபன் 1990 ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் தங்கம் தூக்கினார். அடுத்த இரண்டு காமன்வெல்த்திலும் சேர்த்து மொத்தம் ஏழு. 1992 ஒலிம்பிக்குக்குப் போக ஆசை, ஆனால் நவூருவுக்கு ஒலிம்பிக் கமிட்டியே இல்லை. சமோவா குடியுரிமை வாங்கி அந்தக் கொடியில் போனார். பிறகு நவூருவும் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2007-ல் அதிபரானார். அரசியலில் பாரம் சுமப்பேன் என்று எல்லோரும் சொல்வார்கள். இவர் ஒருவர்தான் முன்கூட்டியே சுமந்து காட்டியவர்.

கே: எங்கள் சுசந்திகாவுக்கு 2000-ல் கிடைத்த வெண்கலம் வெள்ளியானதுபோல் வேறு யாருக்காவது நடந்ததா? (யாழ்ப்பாணம் வாசகர்)

ப: அதே ஓட்டத்திலேயே நடந்தது. ஊக்கமருந்து எடுத்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் நீக்கப்பட்டதும், 200 மீட்டர் தங்கம் பஹாமாஸின் பாலின் டேவிஸ்-தாம்ப்சனுக்குப் போனது, வெள்ளி சுசந்திகா ஜயசிங்கவுக்கு வந்தது. இன்னொருவர் சமோவாவின் எலே ஓபெலோகே. 2008 பெய்ஜிங் பளுதூக்குதலில் நாலாம் இடம். முன்னால் இருந்த மூவரில் இருவர் மருந்தில் மாட்டியதால், எட்டு வருடம் கழித்து வெள்ளி. சமோவாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. மேடையும் கொடியேற்றமும் அன்றே கிடைத்திருக்க வேண்டியவை. ஏமாற்றுபவன் திருடுவது பதக்கத்தை மட்டுமல்ல, அந்த ஐந்து நிமிடத்தையும்தான்.

கே: எண்ணெய் பூசிக்கொண்டு வெற்றுடம்போடு கொடி பிடித்து வருவாரே, அவர் என்ன பதக்கம் வாங்கினார்? (திருச்சி வாசகி)

ப: டோங்காவின் பீட்டா டௌஃபடோஃபுவா. பதக்கம் ஏதும் இல்லை. ரியோவில் டேக்வாண்டோ, 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு, டோக்கியோவில் மறுபடி டேக்வாண்டோ. கொரியக் குளிரிலும் சட்டை போடவில்லை. டோங்காவுக்கு நிஜமாகவே பதக்கம் வாங்கியவர் 1996 அட்லாண்டாவில் குத்துச்சண்டை வெள்ளி வென்ற பயேயா வுல்ஃப்கிராம். அவர் சட்டை போட்டிருந்ததால் யாருக்கும் ஞாபகம் இல்லை போலிருக்கிறது.

கே: லீக்டன்ஸ்டைன் என்று ஒரு நாடு உண்மையிலேயே இருக்கிறதா? (விருதுநகர் வாசகர்)

ப: இருக்கிறது. 1936 பெர்லினில் அவர்களுக்கே ஒரு அதிர்ச்சி: தங்கள் கொடியும் ஹெய்ட்டியின் கொடியும் அச்சு அசல் ஒன்று! மறு வருடமே கொடியில் ஒரு கிரீடம் சேர்த்துக்கொண்டார்கள். கோடை ஒலிம்பிக்கில் பதக்கமே இல்லாத இவர்கள், 2022 வரை குளிர்கால ஒலிம்பிக்கில் வாங்கியது பத்து. பத்தும் பனிச்சறுக்கு. ஹன்னி வென்ஸல் 1980-ல் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. மகள் டீனா 2018-ல் வெண்கலம். மலை இருக்கிறது, பனி இருக்கிறது, சறுக்கினார்கள். இல்லாததைத் தேடி அலையவில்லை.

கே: பணம் கொடுத்து வெளிநாட்டு வீரர்களை வாங்குவது நியாயமா? (கோவை வாசகர்)

ப: 2000-ல் கத்தாருக்குப் பளுதூக்குதலில் வெண்கலம் வாங்கித் தந்த சயீத் சைஃப் அசாத், அதற்கு முன் பல்கேரியாவின் ஏஞ்சல் போபோவ். வீரருக்கு வாழ்க்கை கிடைக்கிறது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கொடி ஏறும்போது அந்த ஊர்ப் பையன் ஒருவனாவது ‘நாமும் தூக்கலாம்’ என்று எழுந்தால்தான் அது நாட்டுக்குப் பதக்கம். இல்லாவிட்டால் ரசீது.

கே: 140 கோடிப் பேர் இருந்தும் பாரிஸில் நமக்கு ஆறு பதக்கம்தான். வெட்கமாக இல்லையா? (சென்னை வாசகர்)

ப: வெட்கப்படலாம், ஆனால் சரியான காரணத்துக்கு. பாரிஸ் தங்கத்துக்குத் தலைக்கணக்கு போட்டால் சுமார் 70,000 பேருக்கு ஒரு தங்கம் வாங்கிய டொமினிக்காவை யாராலும் தொட முடியாது. எவ்வளவு பெரிய நாடானாலும் தடகளத்தில் ஒரு போட்டிக்கு மூன்று பேருக்கு மேல் பொதுவாக அனுப்ப முடியாது. எனவே வகுத்துப் பார்த்தால் பெரிய நாடு எப்போதும் தோற்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: 14 வயதில் வேகமாக ஓடும் ஒரு பெண்ணை யாராவது கவனித்து, அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கிறார்களா? ஜூலியனுக்கு அது நடந்தது.

கே: முடிவாக என்ன சொல்கிறீர்கள்? (தஞ்சாவூர் வாசகர்)

ப: சின்ன நாடுகள் ஜெயிப்பது அதிசயம் இல்லை. பனிச்சறுக்கு, எழுவர் ரக்பி, பளுதூக்குதல் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். வெளியே போக ஒரு வழி கிடைத்தால் விடுவதில்லை. ஜெயிக்காதவர்களும் அழைப்பை வீணாக்குவதில்லை. அந்த அழைப்பு இல்லாவிட்டால் ஒலிம்பிக் என்பது பத்துப் பதினைந்து பணக்கார நாடுகளின் ஆண்டுவிழா.

2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ். தொடக்க விழாவில் இரண்டே பேர் கொடியோடு வரும்போதுதான் நம் வீடுகளில் காபி போட எழுந்து போவார்கள். தயவுசெய்து காபியை முன்னாலேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.