வாடைக்காற்றும் கியர் சைக்கிளும்

கடலூர் மாவட்டத்துக்கு இலையுதிர் காலம் ஒரே ஒருமுறைதான் வந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் இலையோடு நிறுத்தவில்லை, வேரோடு உதிர்ந்தன. மற்றபடி ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை, வாடை, கரண்ட் கட்.

இதைச் சொன்னால் கேட்பானா என் மச்சினன்? தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து கியர் சைக்கிளோடு வந்திறங்கியவன், செல்போனில் வீடியோ காட்டினான். ஐரோப்பாவில் ஏதோ மலையிடுக்கு, அடியில் ஆறு, கரையெல்லாம் செம்மஞ்சள் மரங்கள், சைக்கிளில் போகிறார்கள். நாமும் சிதம்பரம் வரை போகலாம் என்றான்.

மலையிடுக்குக்கு நான் எங்கே போவேன்? எங்களுக்கு வாய்த்தது கேப்பர் மலை. மத்திய சிறை இருப்பதால்தான் அதற்கே கொஞ்சம் கம்பீரம். ஆற்றில் ஆழம் பார்க்க வேண்டுமென்றால் மணல் லாரிக்காரர்களைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரமெல்லாம் பறந்தன. ஐப்பசியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். நாங்கள் போவதோ தெற்கே. மிதிக்காவிட்டாலும் முதுகில் கைவைத்துத் தள்ளியது. "இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஸ்பீடு மாமா! எல்லாம் ஜிம் பாடி" என்றான். நான் என் பழைய கேரியர் சைக்கிளில் வாயைத் திறக்காமல் வந்தேன். சாயங்காலம் காற்றே சொல்லிக்கொள்ளட்டும்.

வெள்ளாற்றுக்கு இக்கரையில் பி.முட்லூர், அக்கரையில் சி.முட்லூர். ஒரே ஊர்ப்பெயரைப் பாகம் பிரித்து, புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் இன்ஷியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் உள்ள பாலத்தின் ஏற்றம்தான் எங்கள் ஆல்ப்ஸ். அவன் கியரை மாற்றுவதற்குள் இறக்கம் வந்துவிட்டது.

இலையுதிர் காலம் பிச்சாவரத்தில் ஒளிந்திருந்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அத்தனை கால்வாயிலும் சுரபுன்னை, எண்ணெய் தடவிய பச்சை. ஒரு திருப்பத்தில் தில்லை மரம். உதிரப்போகிற இலைகள் மட்டும் செக்கச்செவேல். "இதோ மாமா!" என்று படகிலேயே எழுந்து, கிளையை வளைத்து செல்ஃபிக்குத் தயாரானான்.

துடுப்புப் போட்ட பெரியவர் பதறவில்லை. "ஒக்காரு தம்பி. அது பாலு கண்ணுல பட்டா, போட்டோ எப்படி வந்திருக்குன்னு வேற ஆளுதான் பாத்துச் சொல்லணும்."

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வாங்கிக் கொடுத்த மரம். நடராஜரைத் தரிசிக்கக் கண் வேண்டுமே என்று அது யோசிக்கவில்லை.

சிதம்பரத்தில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். இரண்டாம் கரண்டி கொத்சுக்குப் பிறகு எவரும் சைக்கிள் மிதிக்கக் கூடாதென்று சட்டமே போடலாம். மிதித்தோம். வடக்கே திரும்பியதும் வாடை நெஞ்சில் கைவைத்தது.

"எதிர்க்காத்து மாமா!"

"காலையிலயும் அதே காத்துதான் அடிச்சுது மாப்ளே."

பி.முட்லூர் டீக்கடையில் சாய்ந்தவன், செல்போனில் சரித்திரம் படித்தான். 1781 ஜூலை 1. பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூர்ப் பக்கம் புறப்பட்ட ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பெரும்படையோடு மறித்த ஹைதர் அலியைத் தோற்கடித்தாராம். என் ஆராய்ச்சி வேறு: ஜூலையில் தென்மேற்குப் பருவம், கூட்டுக்கு முதுகில் காற்று. ஐப்பசியில் கிளம்பியிருந்தால் அவரும் இந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்.

காலி மீன்பெட்டிகளோடு கடலூர் திரும்பும் குட்டியானை ஒன்று நின்றது. இரண்டு சைக்கிளையும் ஏற்றினோம். டிரைவர் கியர் சைக்கிளைத் தடவிப் பார்த்து விலை கேட்டார். மச்சினன் கொஞ்சம் குறைத்தே சொன்னான்.

"அடேங்கப்பா! அந்தக் காசுக்கு ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லே வந்திருக்குமே சார். பின்னாடி ரெண்டு மூட்டையும் ஏத்தலாம்."