கிளட்ச் மிதியின் ஃப்ரீ ப்ளே: தென்கரை, வடகரைப் பாடங்கள்

ஹைட்ராலிக் கிளட்சில் ஓட்டுநரின் இடது காலுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே கேபிள் இல்லை, ஆயில் இருக்கிறது. மிதியை அமுக்கினால் புஷ் ராடு மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். அங்கே எழும் அழுத்தம் குழாய் வழியே ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய் ரிலீஸ் பேரிங்கை நகர்த்த, பிரஷர் பிளேட் தன் பிடியை விடும். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எத்திசையிலும் குறையாமல் பரவும் என்று நிறுவிய பாஸ்கலின் நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல் அச்சேறியது. ஆசிரியர் உயிரோடு இருந்து விளக்கம் கேட்கக் கிடைத்தால் உரைகாரருக்கு வேலை இல்லை என்பதால், இத்துறையில் இந்த ஆண்டுக்குத் தனி மரியாதை உண்டு.

கம்பெனி பொருத்தியதைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கிய முரட்டுப் பிரஷர் பிளேட்டையும் பெரிய மாஸ்டர் சிலிண்டரையும் மாட்டுவோர் டெல்டாவில் இரு வகையினர்: நெல் மூட்டை ஏற்றுவோர், ஏற்றாதோர். இரண்டாம் வகையினருக்கு அது தேவையே இல்லை.

பெரிய சிலிண்டரின் விளைவைக் கணக்கிடலாம். 5/8 அங்குல விட்டத்துக்குப் பதில் 3/4 அங்குலம் என்றால் பரப்பு 1.44 மடங்கு. அதே மிதிப்புக்கு 44 சதவீதம் கூடுதல் ஆயில் போகும். அதே அழுத்தம் வேண்டுமென்றால் மிதியும் 44 சதவீதம் கனக்கும். பேரிங் அளவுக்கு மீறிப் போய்ப் பிரஷர் பிளேட்டின் விரல்களை வளைத்துவிடாதபடி மிதிக்கு அடியில் ஒரு தடை போல்ட் வைக்க வேண்டும்.

அடுத்தது ஏர் எடுத்தல். காற்று சுருங்கும், ஆயில் சுருங்காது; குழாயில் காற்று இருந்தால் மிதி இறங்கும், கிளட்ச் விடாது. இதற்கு இருவர் வேண்டும். மேலே உட்கார்ந்து மிதிப்பவர் பெரும்பாலும் வண்டிக்காரர்; அடியில் படுத்துக்கொண்டு கட்டளையிடுபவர் மெக்கானிக். “அமுக்குங்க, பிடிங்க, விடுங்க” என்பது நூற்பா. நிப்பிளைத் திறப்பதும் மூடுவதும் இதில் எங்கே வருகின்றன என்று மூலம் சொல்லவில்லை. இரண்டாம் சீருக்குப் பின் திறந்து, மூன்றாம் சீருக்கு முன் மூடுவது தென்கரைப் பாடம். மூடும் முன்பே விடச் சொல்வது வடகரைப் பாடம். அதைப் பின்பற்றினால் வெளியே போன காற்று போன வழியே திரும்பும். தேவாரத் தலங்களைக் காவிரி வடகரை, தென்கரை எனப் பிரிப்பது பழைய வழக்கம். பட்டறைகளையும் அப்படிப் பிரிக்க ஆதாரம் ஏதுமில்லை. மறுக்கவும் ஆதாரம் இல்லாததால் அது நிறுவப்பட்டதாகவே கொள்ளப்படுகிறது.

இனி ஃப்ரீ ப்ளே. விரலால் அழுத்தும்போது, புஷ் ராடு பிஸ்டனைத் தொடும்வரை மிதி வெறுமே நகரும் தூரம் அது. லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் திருகி இதைக் கூட்டலாம், குறைக்கலாம். எவ்வளவு வைப்பது என்பதில்தான் வழக்கு. இதற்கு மூலம், ஒரு பட்டறையின் பில் புத்தகத்தில் மேல்தாள் போய் எஞ்சிய கார்பன் பிரதி. அதில் 1, 2 என இரண்டு இலக்கங்கள். நடுவில் டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை. கறைக்கு அடியில் ஒன்றுமில்லை, ஆகவே 12 மி.மீ. என்றார் மூத்த உரைகாரர். அங்கே சிறு கோடு ஒன்று இருந்து அழிந்தது, ஆகவே 1 முதல் 2 மி.மீ. என்றார் அவருடைய மாணவர். சரஸ்வதி மகாலுக்கு நடந்து போகும் தூரத்தில் வசிக்கும் மூன்றாமவர், ஓலை கிழியும் என்று ஏடெழுதுவோர் புள்ளி வைக்காமல் விட்டதை நினைவூட்டி, 1.2 என்று முடிவு கட்டினார். பில் புத்தகம் ஓலை அல்ல என்பதை ஓர் அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டு, அந்த அடிக்குறிப்பை மறுத்து இன்னோர் அடிக்குறிப்பும் எழுதினார். நான்காமவர் கறையையே அளந்தார். வட்டம் கும்பகோணம் டிகிரி காபி டபராவோடு பொருந்தவில்லை. எனவே ஆவணம் கும்பகோணத்தில் பிறந்ததன்று என 3 இயல்களில் நிறுவினார். அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது, ஃப்ரீ ப்ளே கிடைக்கவில்லை.

நால்வரில் எவரும் டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்ததாகக் குறிப்பில்லை. மிதியின் நெம்புகோல் விகிதம் 6:1 என்றால், புஷ் ராடு முனையில் 2 மி.மீ. என்பது கால் வைக்கும் இடத்தில் 12 மி.மீ. முதலிரு பாடங்களும் ஒரே அளவை இரண்டு இடத்தில் அளந்தவை. இதைச் சொன்னவர் ஸ்பானரும் கையுமாக வந்ததால் கருத்தரங்கில் அவருக்கு நாற்காலி போடவில்லை. வண்டிக்கு வண்டி அளவு மாறும். அந்தந்த வண்டியின் கையேடு சொல்வதே பிரமாணம்.

இந்த இடைவெளி எதற்கு என்பதில் பாசனவாதிகள் தனிக் கட்சி. மாஸ்டர் சிலிண்டர் மேட்டூர், ஸ்லேவ் சிலிண்டர் கடைமடை என்பது அவர்கள் கொள்கை. ஜூன் 12 அன்றுதான் மிதியை முதன்முதலில் அமுக்க வேண்டும் என்பதுவரை சிலர் போயிருக்கிறார்கள். 1934 முதல் மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் ஒரு சொட்டும் திரும்பிப் போனதில்லை என்ற இடத்தில் கொள்கை உடைகிறது. ஆயில் திரும்பியாக வேண்டும். மாஸ்டர் சிலிண்டரில் ஓர் ஊசித்துளை உண்டு; பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கினால்தான் அது திறந்து, ஆயில் மேலே டப்பாவோடு சேரும். ராடு நீண்டுபோய் ஃப்ரீ ப்ளே இல்லாவிட்டால் துளை அடைபட்டே கிடக்கும். சூட்டில் விரியும் ஆயில் போக்கிடமின்றிப் பேரிங்கைத் தள்ளும், கிளட்ச் வழுக்கும். அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல்லுக்கு ஒதுங்கி அரை கிளட்சில் ஊர்பவருக்கு முதலில் தீய்ந்த வாடைதான் வரும்.

ஆயில் டாட் 4: புதிதில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சியபின் 155, பெயின்டில் சிந்தினால் பெயின்ட் போகும்.

கடைசியாகச் சோதனை. மிதியை முழுதாக அமுக்கி ரிவர்ஸ் போட்டால் பல் கரகரக்கக் கூடாது. கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. டாப் கியரில் மேடேறும்போது இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி வேகம் பிடிக்காவிட்டால் வழுக்குகிறது. டெல்டாவில் மேடு கிடையாது என்பதால் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையின் பாலங்களே ஆய்வுக்களம்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. முதல் மூன்றில் ஏறிவிட்டுக் குடமுருட்டியில் வழுக்கினால், ஆயில் சூடேறியும் துளை திறக்கவில்லை என்று பொருள். ராடை அரைச் சுற்றுக் குறைத்து, லாக் நட்டை இறுக்கி, சூடு ஆறியபின் வடவாற்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.